ஜாவாவின் குப்பை சேகரிப்பான் பொறுப்பைக் குறைக்கிறதா, மறைக்கிறதா?

சுட்டிவேல்:
பன்னிரண்டு ஆண்டுகள் சி++ எழுதியபின் ஜாவாவுக்கு வந்தவன் நான். இப்போது நான் பராமரிக்கும் பில்லிங் சேவை மூன்று நாளுக்கு ஒருமுறை ஹீப் (ஆப்ஜெக்ட்கள் எனும் தரவுத் தொகுப்புகள் தங்கும் நினைவகப் பகுதி) நிரம்பிச் செயலிழந்து விழுகிறது. சி++ இல் யூனிக் பாயிண்டரிடம் (ஒரே உரிமையாளராக இருக்கும் சுட்டி) ஒப்படைத்த ஆப்ஜெக்ட், அந்தப் பாயிண்டரின் எல்லை முடியும் அடைப்புக்குறியிலேயே அழிந்துவிடும். நினைவகம் எப்போது விடுபடும் என்பதை நிரலைப் படித்தே சொல்லலாம். பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் குப்பை சேகரிப்பானிடம் அந்த வேலையை விட்டிருப்பதால், ஜாவாவில் அப்படிச் சொல்ல முடிவதில்லை. தானாகத் துடைக்கும் என்ற நம்பிக்கையே நிரலாளரை அசட்டையாக்குகிறது என்பது என் வாதம்.

வேர்த்தடம்:
உங்கள் சேவையில் பிழை சேகரிப்பானுடையது அல்ல என்றே நினைக்கிறேன். "இது இனித் தேவையா?" என்று அது கேட்பதில்லை, "இதை இனி எட்ட முடியுமா?" என்று மட்டுமே கேட்கிறது. த்ரெட்களின் ஸ்டாக் (ஓடிக்கொண்டிருக்கும் செயல்பாடுகளின் மாறிகள் இருக்கும் இடம்), ஸ்டாட்டிக் மாறிகள் (நிரல் ஓடும்வரை நீடிப்பவை) ஆகிய வேர்களிலிருந்து கிளம்பி, சுட்டிகளைப் பிடித்துக்கொண்டே சென்று, எட்டாமல் போனவற்றின் இடத்தை மீட்கிறது. ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி பற்றி 1960இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த அடிப்படை இருக்கிறது. ஹீப் டம்ப் (ஹீப்பின் அந்நேர நகல்) ஒன்று எடுத்து, எந்த ஸ்டாட்டிக் மேப் (சாவியோடு மதிப்பைச் சேர்த்துவைக்கும் அட்டவணை) எதையெல்லாம் பிடித்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் பிழை சாதாரண ஜாவா நிரலில் எழவே வழியில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தான் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் கூறியது.

சுட்டிவேல்:
பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. பில் எண்ணைச் சாவியாக வைத்து முழு இன்வாய்ஸையும் போட்டுவைக்கும் ஸ்டாட்டிக் ஹாஷ்மேப் ஒன்று இருந்தது. சேர்க்கும் புட் இருக்கிறது, நீக்கும் ரிமூவ் எங்கும் இல்லை. ஆனாலும் என் வாதத்தின் மையம் அப்படியே நிற்கிறது. ஆப்ஜெக்ட் என்பது வெறும் பைட்டுகள் அல்ல, அதற்குள் கோப்பும் தரவுத்தள இணைப்பும் இருக்கின்றன. அவற்றை மூட ஃபைனலைஸை (ஆப்ஜெக்ட்டின் இடத்தை மீட்குமுன் ஓடவேண்டிய செயல்பாடு) நம்பியவர்கள், அது எப்போது ஓடும், ஓடுமா என்பதே தெரியாமல் தவித்தார்கள். 2011இல் ஜாவா 7, அடைப்புக்குறி முடிந்ததும் கோப்பையும் இணைப்பையும் தானாக மூடும் டிரை-வித்-ரிசோர்சஸைக் கொண்டுவந்தது. 2017இல் ஜாவா 9 ஃபைனலைஸைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. கடைசியில் ஜாவாவும் அடைப்புக்குறிக்கே திரும்பியது.

எண்ணிக்கை:
ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சுட்டிகளை எண்ணி, எண்ணிக்கை சுழியானதும் விடுவிக்கும் ஏஆர்சி முறையில் அழியும் நேரமும் தெரிகிறது, கைவேலையும் இல்லை. ஆப்பிளே மேக்கில் வைத்திருந்த குப்பை சேகரிப்பை 2012இல் கைவிடத் தொடங்கியது.

வேர்த்தடம்:
ஆனால் தாய் ஆப்ஜெக்ட் சேயையும், சேய் தாயையும் வலுவாகப் பிடித்திருந்தால், வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாத நிலையிலும் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றிலேயே நிற்கும். எந்த முனையில் வீக் (எண்ணிக்கையில் சேராத சுட்டி) என்று எழுதுவது என நிரலாளரே கண்டுபிடிக்க வேண்டும். வேரிலிருந்து தேடும் முறைக்கு இந்தச் சுழற்சி ஒரு பொருட்டே அல்ல. இணைப்புகளை மூடுவது சேகரிப்பானின் வேலை அல்ல என்பதில் மட்டும் சுட்டிவேலுடன் முழுக்க உடன்படுகிறேன்.

சுட்டிவேல்:
சுழற்சி விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. சி++ இன் ஷேர்ட் பாயிண்டரில் (இதுவும் எண்ணிக்கை வைத்தே விடுவிக்கும்) அதே பொறியில் நானும் சிக்கியிருக்கிறேன். ஹாஷ்மேப்பை அளவு வரம்புள்ள கேஷாக (தற்காலிகச் சேமிப்பு) மாற்றி இன்று காலை ஏற்றிவிட்டேன். நான்காம் நாள் ஹீப் வரைபடத்தை இங்கே இடுகிறேன்.