புகைப்புரைச் சுவரில் எதை ஒட்டுவது: பாய்வுப் படமா, எழுத்துக் குறிப்பா?

கேள்வி – குலசேகரத்திலிருந்து

வணக்கம். சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் பால் வாங்கி, ஷீட் அடித்து, புகைப்புரையில் புகைபோட்டு உலர்த்தும் சிறிய தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 20 ஆண்டுகளாகப் பாலை அளந்து உறைய வைக்கும் அண்ணாச்சி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் கையோடு போய்விடக்கூடிய வேலையை எழுதிவைக்க முதலாளி சொன்னதால் 11 பக்கங்கள் எழுதினேன். ஒருவரும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. பிறகு முழு வேலையையும் ஒரே பாய்வுப் படமாக வரைந்து ஒட்டினேன். 40 கட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும் அம்புகளுமாக, சிக்கெடுக்க முடியாத வலை போல அது தொங்குகிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது?

பதில் 1 – கருங்கல், முந்திரி ஆலைப் பணி

ஐயா, வேலை எங்கே கிளை பிரிகிறது, எங்கே நேராகப் போகிறது என்று முதலில் பாருங்கள். பால் கேன் வந்து இறங்கும் இடம் கிளை பிரியும் இடம்: கேனுக்குள் பால் திரிந்திருக்கிறதா, மழைத்தண்ணீர் கலந்திருக்கிறதா, ஷீட்டுக்கு எடுப்பதா, விலை குறைந்த கழிவு ரப்பரான ஒட்டுப்பாலோடு சேர்ப்பதா என்று அங்கே நிற்பவர் உடனே முடிவெடுக்க வேண்டும். அதற்கு ‘ஆமா, இல்லையா’ என்று கேட்கும் மூன்று நான்கு சாய்சதுரங்கள் கொண்ட படம் போதும். தொலைவிலிருந்தே கண்ணில் படும்.

பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டை நீர்த்துப்போகச் செய்யும் இடம் அப்படியல்ல. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதைக் கட்டத்துக்குள் நான்கு சொற்களாகச் சுருக்கினால், கையுறையும் கண்ணாடியும் காற்றோட்டமும் விட்டுப்போகும். அதை வரிசை எண் இட்டு, பெரிய எழுத்தில், முழு வாக்கியங்களாகவே எழுதுங்கள். பாலை அரித்து, மெட்ரோலாக் என்ற அடர்த்திமானியில் அளந்து, தண்ணீர் சேர்த்து 12.5 சதவீத உலர் ரப்பருக்குக் கொண்டுவரும் வேலையும் எழுத்துக்கே உரியது. அந்த அடர்த்தியில் ஒரு தட்டுக்கு 4 லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய அரைக் கிலோ ஷீட் கிடைக்கும் என்ற கணக்கையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால், புதியவருக்குத் தன் வேலை சரியா என்று தாமே பார்த்துக்கொள்ள முடியும்.

பதில் 2 – நாகர்கோவில், தர ஆய்வில் இருந்து ஓய்வு பெற்றவன்

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரே அளவை இரண்டு தாள்களிலும் எழுதாதீர்கள். நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் ஆசிட்டின் அளவைக் குறிப்பில் திருத்திவிட்டுப் படத்தில் திருத்த மறந்தார்கள். படத்தைப் பார்த்தவர் பழைய அளவில் ஊற்றினார். உறைந்த பால் உருளைக்குள் இழுபடாத அளவுக்கு இறுகிப்போனது. எண்களெல்லாம் குறிப்பில் மட்டும் இருக்கட்டும்; படம் ‘குறிப்பு 3 பார்க்க’ என்று சொன்னால் போதும்.

தரச்சான்றுக்காகத்தான் முதலாளி கேட்கிறார் என்றால் பக்க எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். தர மேலாண்மைக்கான உலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001இன் 2008 பதிப்பு ஆறு நடைமுறைகளைக் கட்டாயமாக எழுதிவைக்கச் சொன்னது. 2015 பதிப்பு அந்தப் பட்டியலையே கைவிட்டது. படமா எழுத்தா என்ற வடிவத்தை அது நம்மிடமே விட்டிருக்கிறது. வேலையைப் படமாக்கும் பழக்கமும் புதியதல்ல. ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் 1921இல் முன்வைத்த முறையிலிருந்து வளர்ந்ததுதான் அது. வீண் வேலை எங்கே என்று கண்டுபிடிக்க அவர்கள் வரைந்தார்கள். ஆளுக்கு வேலை கற்பிக்க அது ஒன்றே போதும் என்று நான் நினைக்கவில்லை.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. நேற்று, பால்வரவுக்கு மட்டும் தரையில் சாக்கட்டியால் படம் வரைந்து அண்ணாச்சியிடம் காட்டினேன். ‘பால் திரிந்ததா’ என்ற சாய்சதுரத்திலிருந்து ‘இல்லை’ என்ற அம்பை மட்டும் போட்டிருந்தேன். ‘ஆம்’ எங்கே போகிறது என்று அவர் கேட்டார். ஒட்டுப்பால் விலைக்கு எடுக்கத் தோட்டக்காரர் சம்மதிக்காவிட்டால், முதலாளி இல்லாத நேரத்தில் யார் முடிவு சொல்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 11 பக்கங்களில் அந்தக் கேள்வியே எழவில்லை. இன்று மாலை முதலாளியிடம் கேட்டுவிட்டு, அந்த அம்பை வரைகிறேன்.