டேட்டா இல்லாத டேப்லெட்டில் வழி பார்க்கலாமா? குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் காரில் தொலைதூரம் போகிறோம். திரை பெரியதாக இருக்கிறதே என்று டேப்லெட்டில் வழி பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதில் சிம் போட இடமே கிடையாது, வைஃபை மட்டும்தான். சாலையில் வேலை செய்யுமா?

அத்தான்: கஷ்டம் மாமா. சிம் இல்லை என்றால் நெட் இல்லை. நெட் இல்லை என்றால் ஜிபிஎஸ்ஸும் இல்லை.

நான்: இல்லை அத்தான், ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டியதே இல்லை. செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டே சிக்னல் அனுப்புகின்றன. ரேடியோப் பெட்டி மாதிரி டேப்லெட் அதைக் கேட்க மட்டும் செய்கிறது. மேலே எதையும் அனுப்புவதில்லை. அதனால் டேட்டாவும் செலவாகாது.

அக்கா: அப்போ நாம எங்கே போகிறோம் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாதா?

நான்: தெரியவே தெரியாது அக்கா. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்தச் சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவது நம் கையில் இருக்கும் சிப்தான்.

அக்கா: மூன்று செயற்கைக்கோள் கிடைத்தால் போதும் என்று எங்கேயோ படித்தேன்.

நான்: இடத்துக்கு மூன்று போதும், ஆனால் நேரத்துக்கு இன்னொன்று வேண்டும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, டேப்லெட்டில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தத்தான் நான்காவது. இவ்வளவு கணக்கையும் அந்தச் சின்னச் சிப் நொடிக்கு நொடி போடுகிறது. எனக்கு இன்னும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

அத்தான்: சரி. அப்புறம் எதற்கு மேப்பைத் திறந்தால் நெட் கேட்கிறது?

நான்: ஜிபிஎஸ் தருவது வெறும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். சாலை, பாலம், திருப்பம் எல்லாம் இருப்பது வரைபடத்தில். அந்தப் படம்தான் நெட்டில் வருகிறது. அதை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் வழியில் நெட் தேவையில்லை.

பெரியப்பா: அப்போ படத்தை இறக்கிக்கொண்டால் என் டேப்லெட் போதும், இல்லையாம்மா?

நான்: அதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும் பெரியப்பா. உங்கள் டேப்லெட்டில் ஜிபிஎஸ் சிப் இருக்கிறதா? ஆண்ட்ராய்டில் வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மாடல் பெயரைப் போட்டுத் தேடி, விவரப் பட்டியலில் ஜிபிஎஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

சித்தி: என் ஐபேடும் வைஃபை மாடல்தான். மேப்பில் நம் வீட்டை அச்சு அசலாகக் காட்டுகிறதே?

நான்: சித்தி, அது ஜிபிஎஸ் இல்லை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப் கிடையாது, சிம் போடும் வசதியுள்ள செல்லுலார் மாடலில்தான் உண்டு. உங்கள் ஐபேட் சுற்றிலும் இருக்கும் வைஃபை ரூட்டர்களின் அடையாள எண்களைப் பார்க்கிறது. எந்த ரூட்டர் எங்கே இருக்கிறது என்ற பெரிய பட்டியலை நெட்டில் கேட்டு, இடத்தைக் கணிக்கிறது. தெருவில் வீட்டுக்கு வீடு ரூட்டர் இருப்பதால் சரியாக வருகிறது. நெடுஞ்சாலையில் ரூட்டரும் இருக்காது, கேட்க நெட்டும் இருக்காது. படத்தை இறக்கி வைத்திருந்தாலும் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி கூடவே நகராது.

சித்தி: அடடா. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால்?

நான்: ஹாட்ஸ்பாட் நெட்டைத் தரும், சிப்பைத் தராது. அதை நம்பித் தெரியாத ஊருக்குக் கிளம்ப வேண்டாம் சித்தி. ப்ளூடூத்தில் இணைக்கும் தனி ஜிபிஎஸ் கருவிகள் உண்டு, ஐபேடுக்குப் பொருந்தும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் போனிலேயே வழி பார்த்துவிடுங்கள்.

அத்தான்: எங்கள் ஐபேட் செல்லுலார் மாடல், ஆனால் சிம் போட்டதே இல்லை.

நான்: அப்படியே எடுத்து வாருங்கள் அத்தான். சிம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் ஓடும். முதல் தடவை இடம் பிடிக்கத்தான் கொஞ்சம் நேரம் ஆகும்.

அத்தான்: ஏன்?

நான்: செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. ஒன்றின் துல்லியமான விவரம் முழுதாக வர அரை நிமிடம். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுவான அட்டவணை வர பன்னிரண்டரை நிமிடம். நெட் இருந்தால் இதெல்லாம் சில நொடிகளில் இறங்கிவிடும், அதனால்தான் போனில் உடனே புள்ளி வருகிறது. நெட் இல்லாதபோது கிளம்புவதற்கு முன்பே, வானம் மறைக்காத இடத்தில் மேப்பைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். மேலிருந்து வரும் சிக்னல் ரொம்பப் பலவீனமானது, கான்கிரீட் கூரைக்குக் கீழே சரியாகக் கிடைக்காது.

பெரியப்பா: மாடல் பார்த்துவிட்டேன். ஜிபிஎஸ், குளோனாஸ் என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறது.

நான்: நல்ல செய்தி பெரியப்பா! குளோனாஸ் ரஷ்யாவின் செயற்கைக்கோள்கள். இரண்டும் சேர்ந்தால் வானத்தில் இன்னும் நிறையச் செயற்கைக்கோள்கள் கிடைக்கும். இருந்தாலும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். வைஃபையை அணையுங்கள், லொகேஷன் மட்டும் ஆன், மொட்டைமாடிக்குப் போய் நடந்து பாருங்கள். புள்ளி நீலமாக உங்கள் கூடவே நகர வேண்டும். சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றால் இடம் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

அக்கா: படத்தை எப்படி இறக்குவது, அதையும் சொல்லிவிடு.

நான்: கூகுள் மேப்ஸில் மேலே உங்கள் கணக்கின் முகப்படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப்ஸ் வரும். இறக்கும் பகுதியைக் காட்டும் கட்டத்துக்குள் போகிற பாதை முழுவதும் விழுகிறதா என்று பாருங்கள், பெரிய தூரம் என்றால் இரண்டு மூன்று கட்டமாக இறக்க வேண்டும். கார் வழி சொல்லும், ஆனால் போக்குவரத்து நெரிசல் தெரியாது, நடந்து போகிற வழியும் வராது. நடைவழியும் வேண்டும் என்றால் ஆர்கானிக் மேப்ஸ் நல்லது. பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் அது, ஒரு பகுதியை இறக்கிவிட்டால் முழுக்க நெட் இல்லாமலே ஓடும். இறக்கி வைத்த படம் பழசாகிவிடும், கிளம்புவதற்கு முதல் நாள் வைஃபையில் புதுப்பித்துவிடுங்கள்.

அத்தான்: காரில் சார்ஜரும் வேண்டும் மாமா. திரை எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது.

பெரியப்பா: எடுத்து வைக்கிறேன். மாடியில்தான் நிற்கிறேன். முதலில் சாம்பல் நிறம், இரண்டு நிமிடத்தில் நீலமாகிவிட்டது. நான் நடக்க நடக்க அதுவும் நகர்கிறது!

நான்: அப்போ கவலையே இல்லை. ராத்திரி படத்தை இறக்கியதும் மறுபடி வைஃபையை அணைத்துவிட்டு, போகிற ஊருக்கு ஒரு தடவை வழி போட்டுப் பாருங்கள். வராவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள்.