எபிசோடைப் பார்த்த பிறகு அதன் நாவலையும் படிக்க வேண்டுமா? (டாக்டர் ஹூ, டார்கெட் புத்தகங்கள்)

நீலப்பெட்டி கேட்டது:

வணக்கம். 2005இல் மறுபடி தொடங்கிய, காலப்பயணம் செய்யும் டாக்டர் பற்றிய பிபிசி தொடரான டாக்டர் ஹூவைப் பார்த்து முடித்துவிட்டு, பழைய தொடருக்குள் போயிருக்கிறேன். இப்போது ஜான் பெர்ட்வீ டாக்டராக நடித்த காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய தொடரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில், எபிசோட் கதைகளை நாவலாக்கிய டார்கெட் புத்தகங்களுக்கு வந்துவிடுகிறார்கள். அதுவும் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு பாசத்தோடு.

கதைதான் ஏற்கெனவே தெரியுமே? யார் சாகிறார், யார் துரோகி, கடைசியில் எது வெடிக்கிறது, எல்லாம் பார்த்தாகிவிட்டது. டெரன்ஸ் டிக்ஸ் எழுதியதில் ஒன்றை எடுத்துப் படித்தேன், டாம் பேக்கர் டாக்டராக இருந்த காலத்தின் பிற்பகுதியில் வந்த ஒரு கதை. எபிசோடில் வந்த வசனம் அப்படியே வருகிறது, நடுவில் “என்றார் டாக்டர்”. ஒரே மூச்சில் முடிந்தது, மனதில் எதுவும் தங்கவில்லை. எல்லாமே இப்படித்தானா? இல்லையென்றால் எதிலிருந்து தொடங்குவது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 60களின் எபிசோட்கள் பல அழிந்துபோய்விட்டன என்கிறார்கள். அவற்றில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் புத்தகங்களை நம்பலாமா?

சுழல்படி எழுதியது:

என் கருத்து நேரானது. அந்தப் புத்தகங்கள் ஒரு தேவைக்காக வந்தன, அந்தத் தேவை இப்போது இல்லை. மறு ஒளிபரப்பு அரிது. வீட்டில் வீடியோ வசதி கிடையாது. டாக்டர் ஹூவின் முதல் வீடியோ கேசட்டே 1983இல்தான் வந்தது. அதுவரை ஒரு கதையைத் திரும்ப அனுபவிக்க வேண்டுமானால் புத்தகம் ஒன்றுதான் வழி. இன்று டிஸ்க்கில் படம் இருக்கிறது, படத்தையே பாருங்கள். கிறிஸ் அகிலியோஸ் வரைந்த அட்டைகளை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். புள்ளி புள்ளியாக வைத்த கறுப்பு வெள்ளை முகமும் சுற்றிலும் கொட்டும் வண்ணமும் எந்தக் காலத்திலும் அழகு.

பழம்பக்கம் எழுதியது:

சுழல்படி சொன்ன வரலாறு சரி. அதிலிருந்து அவர் போய்ச் சேரும் முடிவை நான் ஏற்கமாட்டேன். நல்ல டார்கெட் புத்தகம் எபிசோடை நினைவூட்டுவதோடு நிற்காது. கேமரா போக முடியாத இடத்துக்குப் போகும். நீலப்பெட்டி, நீங்கள் பெர்ட்வீ காலத்தில் இருப்பது நல்ல நேரம், ஏனென்றால் இதற்கான மிகச் சிறந்த உதாரணங்கள் அங்கேதான் இருக்கின்றன.

சிலூரியன் கதையைப் பார்த்திருப்பீர்கள். 1970, ஏழு எபிசோட். பூமிக்கு அடியில் உறங்கிக் கிடந்த ஊர்வன இனம் விழித்துக்கொள்கிறது. திரையில் அவை ரப்பர் உடை போட்ட நடிகர்கள், நெற்றியில் மூன்றாவது கண். பெயர்கூடக் கிடையாது. நடிகர் பெயர்ப் பட்டியலில் கிழச் சிலூரியன், இளஞ் சிலூரியன் என்றுதான் வரும். அந்தத் திரைக்கதையை எழுதிய மால்கம் ஹல்க்கே நான்கு வருடம் கழித்து, 1974 ஜனவரியில், அதை நாவலாக்கினார். புத்தகத்தின் பெயர் ‘தி கேவ் மான்ஸ்டர்ஸ்’.

முதல் அத்தியாயத்தில் டாக்டர் இல்லை, மனிதர்களே இல்லை. ஓக்டெல் என்ற ஊர்வன முதியவர் கடைசியாக ஒருமுறை சூரியனைப் பார்க்கிறார். வானத்திலிருந்து ஒரு சிறு கோள் நெருங்கி வருகிறது, அவருடைய இனம் பூமிக்குள் இறங்கி உறங்கப் போகிறது. அவ்வளவுதான் காட்சி. ஆனால் அதைப் படித்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகும்போது, குகைக்குள் இருப்பது யார் என்று நமக்குத் தெரியும், மனிதர்களுக்குத் தெரியாது. கதை முழுக்க அந்தப் பாரம் நம் மேல் இருக்கிறது. ஓக்டெல் சமாதானம் பேச நினைக்கும் இடமும் மோர்கா அதை எதிர்க்கும் இடமும் ஒரு இனத்துக்குள் நடக்கும் உண்மையான விவாதமாகிவிடுகின்றன. கடைசியில் டாக்டரோடு வேலை செய்யும் ராணுவ அதிகாரியான பிரிகேடியர் அந்தக் குகையை வெடிவைத்துத் தகர்ப்பதைத் திரையில் பார்த்தபோது எனக்கு வருத்தம் இருந்தது. புத்தகத்தில் படித்தபோது கோபமே வந்தது.

ஹல்க் ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தவர். அவருடைய கதைகளில் இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் அரக்கன் என்று கோடு போட முடியாது. தொலைக்காட்சியில் அதைச் சொல்ல அவருக்கு இருபத்தைந்து நிமிடம், ஒரு ஸ்டூடியோ, எண்ணி வைத்த பணம். புத்தகத்தில் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் நுழைந்து பார்க்கிறார். ‘தி டூம்ஸ்டே வெப்பன்’ எடுத்துக்கொள்ளுங்கள், ‘காலனி இன் ஸ்பேஸ்’ கதையின் நாவல். குடியேறிகள் எந்த மாதிரிப் பூமியைவிட்டு ஓடிவந்தார்கள், நெரிசலில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது திரையில் இருந்ததைவிட நன்றாகப் புரியும். எனக்கு அந்தக் கதை திரையில் இழுவையாகத்தான் பட்டது. புத்தகத்தில் குடியேறிகள் அந்த வறண்ட மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் காரணம் தெரிவதால் ஒவ்வொரு சண்டைக்கும் பொருள் வந்துவிடுகிறது.

அப்புறம் டைனோசர் கதை. 1974இல் ஒளிபரப்பானது, பொம்மை டைனோசர்களுக்காக இன்றுவரை பேச்சு வாங்குகிறது. ஹல்க்கின் நாவல் 1976இல் வந்தது. ஷுகி மெக்ஃபெர்சன் என்ற ஒருவனோடு தொடங்குகிறது. கிளாஸ்கோவிலிருந்து கால்பந்து ஆட்டம் பார்க்க லண்டன் வந்தவன். கண் விழித்துத் தெருவுக்கு வந்தால் ஊரில் ஒரு ஆள் இல்லை. அவனுக்குப் புரிவதற்குள் அவன் முடிவு வந்துவிடுகிறது. திரையில் இவன் கிடையாது. வெறிச்சோடிய லண்டன் ஒரு சாதாரண மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று காட்டவே ஹல்க் இவனைப் படைத்திருக்கிறார். டைனோசரைச் செய்யப் பணம் தேவைப்படாத இடத்தில் அது நிஜமாகவே பயமுறுத்துகிறது.

இனி டெரன்ஸ் டிக்ஸ். நீங்கள் படித்தது அவர் அவசரமாக எழுதிய காலத்துப் புத்தகம். அறுபதுக்கும் மேல் எழுதியவர், சில வருடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தள்ளினார். அவை மெலிந்துதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து அவரை எடைபோட்டுவிடாதீர்கள். அவருடைய முதல் டார்கெட் நாவல் ‘தி ஆட்டன் இன்வேஷன்’. ஹல்க்கின் ‘தி கேவ் மான்ஸ்டர்ஸ்’ஸோடு ஒரே மாதத்தில் வெளியானது. பிளாஸ்டிக் பொம்மைகள் கடை ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வரும் காட்சி நினைவிருக்கிறதா? திரையில் கண்ணாடி உடைவதைக் காட்டவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டோம். புத்தகத்தில் நொறுங்குகிறது. ‘டே ஆஃப் தி டாலெக்ஸ்’ படப்பிடிப்பில் கையில் இருந்தவை மூன்றே டாலெக்குகள் (உலோகக் கூட்டுக்குள் வாழும், டாக்டரின் பெரும் எதிரிகள்), கடைசிப் போர் பரிதாபமாக இருக்கும். டிக்ஸ் அதே கதையை 22ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறார், அடிமைப்பட்ட பூமியில், போராளிகளோடு. அவர்கள் ஏன் காலத்தைத் தாண்டி வந்து ஒரு மனிதரைக் கொல்லத் துணிகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகே நம்மை நிகழ்காலத்துக்கு அழைத்து வருகிறார். அந்த வரிசை மாற்றம் கதையையே கூராக்கிவிடுகிறது.

வாக்கியம் சுத்தமாக இருக்கும், ஒரு குழந்தைகூடத் தடுக்காமல் படிக்கும். பிரிட்டனில் ஒரு தலைமுறை வாசிக்கப் பழகியதே இவரை வைத்துத்தான் என்று 2019இல் அவர் இறந்தபோது எத்தனையோ எழுத்தாளர்கள் எழுதினார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

நீலப்பெட்டி எழுதியது:

மிக்க நன்றி பழம்பக்கம். ஷுகி பற்றிப் படித்ததும் அந்தப் புத்தகத்தையே முதலில் எடுக்கத் தோன்றுகிறது. தொலைந்த எபிசோட்கள் பற்றியும் சொல்லுங்கள். முதல் டாக்டரான ஹார்ட்னெல் காலத்துச் சரித்திரக் கதைகள்மேல் எனக்கு ஆசை அதிகம்.

ஒலிநாடா எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தொலைந்தது படம் மட்டும்தான். ஒளிபரப்பான அன்றே ரசிகர்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்து வைத்ததால், தொலைந்த அத்தனை எபிசோட்களின் ஒலியும் இருக்கிறது. பிபிசி அவற்றை விவரிப்போடு வெளியிட்டிருக்கிறது. பல கதைகளுக்கு ஜான் குரா டிவி திரையிலிருந்து எடுத்த புகைப்படங்களும் உண்டு. என்ன நடந்தது என்பதுதான் கேள்வி என்றால் முதலில் ஒலியைக் கேளுங்கள், புத்தகம் அப்புறம்.

நாவல்களின் ஒலிப்புத்தகங்களும் உண்டு. ‘தி கேவ் மான்ஸ்டர்ஸ்’ஸை வாசித்திருப்பவர் கேரொலின் ஜான், அதாவது அந்தக் கதையில் டாக்டரின் துணையான விஞ்ஞானி லிஸ் ஷாவாக நடித்தவரே. ஓக்டெல்லின் அத்தியாயத்தை அந்தக் குரலில் கேட்டுப் பாருங்கள்.

பழம்பக்கம் எழுதியது:

ஒலிநாடா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ‘சாட்சி’ வேண்டுமென்றால் ஒலிதான்.

ஏன் என்பதற்கு ஒரு உதாரணம். 1966இல் வந்த ‘தி மசக்கர்’, 1572ஆம் ஆண்டுப் பாரிஸ் படுகொலை பற்றிய கதை. நான்கு எபிசோடும் இல்லை. ஜான் லூகரோட்டி எழுதிக் கொடுத்ததை டொனால்ட் டோஷ் பெரிய அளவில் மாற்றி எழுதிய பிறகே ஒளிபரப்பானது. 1987இல் நாவல் எழுத வந்தபோது லூகரோட்டி தன் மனதில் இருந்த கதைக்கே திரும்பிப் போய்விட்டார். அந்த நாவலை வைத்து “எபிசோடில் இப்படித்தான் நடந்தது” என்று சொன்னால் தவறாகிவிடும். ஆனால் ஒளிபரப்பாகாத ஒரு டாக்டர் ஹூ கதை நம் கையில் கிடைத்திருக்கிறது, அதற்காகவே படிக்கலாம்.

‘தி மித் மேக்கர்ஸ்’ இன்னும் விசேஷம். 1965இல் வந்த டிராய்ப் போர்க் கதை, இதிலும் நான்கு எபிசோடும் தொலைந்தவை. டொனால்ட் காட்டன் 1985இல் அதை நாவலாக்கியபோது ஹோமரையே கதைசொல்லியாக வைத்துவிட்டார். போரை ஓரமாக நின்று பார்த்த ஹோமர், பல வருடம் கழித்துச் சொல்கிறார். சரித்திரக் கதைகள்மேல் ஆசை என்றீர்களே, இதைத் தவறவிடவே கூடாது. முழு வரிசையிலும் இலக்கியமாக நிற்கக்கூடியவற்றில் இது எனக்கு முதல் இடத்தில்.

படம் திரும்பக் கிடைத்த கதைகள் வேறு விதமான அனுபவம். ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ 1968. முதல் எபிசோட் மட்டும் இருந்தது, 2013இல் நைஜீரியாவில் கிடைத்து வந்ததாக அறிவித்தபோது நான்கு சேர்ந்தன. மூன்றாவது மட்டும் இன்னும் இல்லை, லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் கர்னலாக அறிமுகமாவது அதில்தான். டிக்ஸ் தன் 1976 நாவலில் சுரங்கப்பாதையில் டாக்டரும் அவரும் முதலில் சந்திக்கும் இடத்தில் நின்று, இது சரித்திரச் சந்திப்பு என்று வாசகனிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். பின்னால் பிரிகேடியராகப் போகிற மனிதர் மேல் எழுத்தாளருக்கு இருக்கும் அன்பு அந்த ஒரு பத்தியில் தெரியும்.

கொஞ்சம் கடுமையான எழுத்து வேண்டுமென்றால் ஐயன் மார்ட்டர். டாக்டரின் பயணத் துணை ஹாரி சல்லிவனாக நடித்த அதே நடிகர்தான். ‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’ கதையில் தானே நடித்து, 1977இல் தானே நாவலும் எழுதினார். உடல் உருமாறும் காட்சிகளைத் திரையைவிடத் துணிச்சலாக எழுதியிருப்பார்.

சுழல்படி எழுதியது:

ஷுகியும் ஹோமரும் திரையில் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. புத்தகம் வெறும் மாற்று வழி என்ற என் வாதம் ஹல்க்குக்கும் காட்டனுக்கும் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். பின்னாளைய டிக்ஸ் பற்றி என் எண்ணம் மாறவில்லை.

பழம்பக்கம் எழுதியது:

அதில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான், சுழல்படி.

நீலப்பெட்டி, வரிசை கேட்டீர்கள். டைனோசரில் தொடங்குங்கள், உடனே ‘தி கேவ் மான்ஸ்டர்ஸ்’, பிறகு ஹோமர். இந்த மூன்றும் பிடித்தால், எல்லாவற்றுக்கும் முதலாவதான டேவிட் விட்டேக்கரின் 1964 நாவலுக்குப் போங்கள். டாலெக்குகளின் முதல் கதை. டாக்டரின் முதல் பயணத் துணைகளில் ஒருவரான இயன் செஸ்டர்டன் தன் வாயாலேயே சொல்கிறார். தொடரின் தொடக்கமான குப்பைக் கிடங்கு காட்சியை விட்டேக்கர் தூக்கி எறிந்துவிட்டு, மூடுபனி இரவில் பார்ன்ஸ் காமனில் நடக்கும் ஒரு கார் விபத்தில் தொடங்குகிறார். டாக்டர் யார், அவருடைய காலப்பயண வண்டியான டார்டிஸ் என்ன என்றே தெரியாத ஒருவனுக்கு அந்த இரவு எவ்வளவு அச்சமாக இருந்திருக்கும் என்பதை இந்த அளவுக்கு வேறு எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டவில்லை. முடிவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு டாலெக் வரும், திரையில் அப்படி ஒன்றே கிடையாது. அந்த இடத்துக்கு வந்ததும் இதே இழையில் எழுதுங்கள், அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.