கோத்தகிரி மேட்டில் 200-500 லென்ஸ்: எடை குறைந்த கிம்பல் ஹெட் எதை வாங்கலாம்?

பனிமூட்டம் (கோத்தகிரி):

வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி500, கூடவே நிக்கான் 200-500 எஃப்/5.6 லென்ஸ். காமிரா 860 கிராம், லென்ஸ் காலரோடு (டிரைபாட்டில் மாட்ட லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையம்) 2300 கிராம். இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டுகிறது. டிரைபாட் கார்பன் ஃபைபர், 1.6 கிலோ. அதன் மேல் 450 கிராமில் ஒரு சின்ன பால் ஹெட் (உருண்டையின் மேல் சுழலும் தலை). முன்பு 70-300 லென்ஸுக்காக வாங்கியது.

இந்த பால் ஹெட்தான் இப்போது தொல்லை. குமிழை இறுக்கினால் லென்ஸ் அசையாது, பறவை நகர்ந்தால் பின்தொடர முடியாது. கொஞ்சம் தளர்த்தினால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது. போன ஞாயிறு லாங்வுட் சோலை ஓரத்தில் கருஞ்சிவப்பு ஈப்பிடிப்பான் ஆண் ஒன்று தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வந்து உட்கார்ந்தது. குமிழைத் தளர்த்திய நொடியில் லென்ஸ் சரிந்து என் விரல் கிளாம்புக்கு இடையில் மாட்டிக்கொண்டது. விரல் பரவாயில்லை. பறவை போய்விட்டது.

கையில் பிடித்தே எடுக்கலாமே என்று கேட்பீர்கள். சோலைக்குள் காலை எட்டு மணிக்கும் வெளிச்சம் கிடையாது. எஃப்/5.6 வைத்து ஐஎஸ்ஓ 3200 போட்டாலும் ஷட்டர் 1/125 தாண்டுவது அபூர்வம். அந்த வேகத்தில் 500 மில்லிமீட்டரைக் கையில் பிடித்து நூறு படம் எடுத்தால் நாலு தேறும்.

எல்லோரும் முதலில் சொல்வது விம்பர்லி டபிள்யூஎச்-200 என்ற முழு கிம்பல் ஹெட். அது ஏறத்தாழ 1.4 கிலோ. நான் வீட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மேடு ஏறித்தான் சோலைக்குப் போகிறேன். மொத்தம் ஆறு கிலோவுக்கு மேல் தோளில் சுமந்து ஏற முடியவில்லை. எனக்கு வயது 52, இடது முழங்காலில் வலியும் உண்டு. இதைவிட எடை குறைந்த, ஆனால் இந்த லென்ஸை நம்பி வைக்கக்கூடிய ஹெட் எது?

மூன்றாங்கால் (குன்னூர்):

அண்ணா, ஹெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி. டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தி எடுக்கிறீர்களா? லென்ஸுக்கு அடியில் போட்டிருக்கும் பிளேட்டின் நீளம் எவ்வளவு?

பால் ஹெட் ஏன் படுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு சுலபம். அதில் மொத்தப் பாரமும் உருண்டைக்கு மேலே நிற்கிறது. விரல் நுனியில் நிறுத்திய துடைப்பம் மாதிரி. சற்றுச் சாய்ந்தாலும் கீழேதான் போகும். கிம்பல் அப்படியல்ல. லென்ஸும் காமிராவும் சேர்ந்த எடைமையம் சுழலும் அச்சிலேயே வந்து உட்காரும். அதனால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும், ஒரு விரலால் தள்ளலாம். பாரத்தைத் தாங்குவது இறுக்கம் அல்ல, சமநிலை. சமநிலை சரியாக இருந்தால் ஹெட் கனமாக இருக்க வேண்டிய அவசியமே பாதி போய்விடும்.

எடை குறைக்க மூன்று வழி தெரியும்.

ஒன்று, பக்கவாட்டு கிம்பல். முழு கிம்பலில் ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு கை கீழே இறங்கி லென்ஸை அடியிலிருந்து தாங்கும். பக்கவாட்டு வகையில் அந்தக் கையே கிடையாது. லென்ஸ் காலரைத் தளர்த்தி, அடிப்பாகம் பக்கவாட்டில் வருமாறு 90 பாகை திருப்பி, நின்றிருக்கும் தூணின் கிளாம்பில் மாட்ட வேண்டும். என்னுடையதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 740 கிராம். மூன்று வருடமாக இதைத்தான் சுமக்கிறேன்.

இரண்டு, பால் ஹெட்டின் மேல் மாட்டும் துணைக் கிம்பல். விம்பர்லி சைட்கிக் அந்த வகை, ஏறக்குறைய 600 கிராம். பால் ஹெட்டின் கழுத்தைப் பக்கத்துப் பள்ளத்தில் படுக்கவைத்து அதன் கிளாம்பில் இதை மாட்டுவார்கள். ஆனால் அதற்கு உறுதியான, பெரிய பால் ஹெட் வேண்டும். உங்கள் 450 கிராம் உருண்டை அதற்குத் தாங்காது. புதிதாகப் பெரிய பால் ஹெட்டும் வாங்கினால் எடை மறுபடியும் ஒரு கிலோவைத் தாண்டும். உங்களுக்கு இது வேண்டாம்.

மூன்று, மோனோபாட். அதை வேறு யாராவது சொல்வார்கள், எனக்குப் பழக்கமில்லை.

மசினகுடி வழி:

மோனோபாட் நான் சொல்கிறேன். முன்னும் பின்னும் மட்டும் சாயும் ஹெட் ஒன்றை அதன் தலையில் போட்டால் தோளுக்கு நிம்மதி. நடந்துகொண்டே எடுப்பவருக்கு அருமை. ஆனால் சார் சொல்லும் 1/125 வேகத்துக்கு மோனோபாட் போதாது. அரை மணி நேரம் ஒரே புதர் முன்னால் காத்திருக்கும் ஆளுக்கு அது கையை இன்னும் வலிக்கவைக்கும்.

ஜீப்பில் போனால் எதுவும் வேண்டாம். முதுமலைப் பக்கம் வண்டியை விட்டு இறங்கவே கூடாது, டிரைபாட் விரிக்க இடமும் இல்லை. ஜன்னலில் போட ஒரு துணிப்பை, உள்ளே இரண்டு கிலோ ராகி. அவ்வளவுதான். மழை நாளில் ராகியைக் கொட்டிக் காயவைக்க மறக்காதீர்கள். என் பையில் ஒருமுறை முளைகட்டிவிட்டது.

பனிமூட்டம்:

நன்றி தம்பி, நன்றி மசினகுடி சார். நடுத்தண்டை ஒரு சாண் உயர்த்தித்தான் எடுக்கிறேன், குனியாமல் இருக்க. பிளேட் பால் ஹெட்டோடு வந்த சின்னச் சதுரம், 50 மில்லிமீட்டர் இருக்கும்.

கோவையில் ஒரு நண்பரிடம் பக்கவாட்டு கிம்பல் இருக்கிறது. ஒரு வாரம் இரவல் தருகிறேன் என்கிறார். வாங்கி முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பனிமூட்டம் (ஒன்பது நாள் கழித்து):

முயன்று பார்த்தேன். பாதி சந்தோஷம், பாதி குழப்பம்.

200-இல் வைத்துச் சமப்படுத்தினால் தராசு முள் மாதிரி நிற்கிறது. 500-க்கு நீட்டியவுடன் மூக்கு கீழே விழுகிறது. டில்ட் (மேல்-கீழ் சாய்வு) குமிழை இறுக்கினால் நிற்கிறது, ஆனால் மறுபடியும் பழைய கதைதான், பின்தொடர முடியவில்லை. இன்னொன்று, தோட்டத்துச் சரிவில் நிறுத்தினால் கையை எடுத்ததும் லென்ஸ் தானாகவே மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஹெட்டில் ஏதாவது பழுதா? இரவல் பொருள், கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

லென்ஸ் மேசை (ஊட்டி):

பயப்படாதீங்க சார், ஹெட்டில் பழுதில்லை. இரண்டுக்கும் காரணம் தனித்தனி.

முதலாவது உங்கள் லென்ஸின் இயல்பு. 200-500 ஜூம் செய்யும்போது முன்குழாய் வெளியே நீள்கிறது. கண்ணாடிகளும் கூடவே முன்னால் போவதால் எடைமையமும் முன்னால் போகிறது. டாம்ரான், சிக்மா 150-600 எல்லாமே இப்படித்தான். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளேயே ஜூம் ஆகும், வெளியே நீளாது. அதனால் அவற்றில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. இதற்காக லென்ஸை மாற்றச் சொல்லமாட்டேன்.

நீங்கள் சோலையில் எடுப்பது பெரும்பாலும் 500-இல்தானே? அப்படியானால் 500-இல் வைத்து, ஹூடை மாட்டி, மெமரி கார்டு பேட்டரி எல்லாம் போட்டு, எடுக்கும் நிலையில் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துச் சமப்படுத்துங்கள். 200-க்கு வந்தால் பின்பக்கம் லேசாக இறங்கும். டில்ட் குமிழைச் சற்றுத் திருப்பினால் போதும். ஆனால் 500-இல் சமன் செய்ய லென்ஸை நன்றாகப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். 50 மில்லிமீட்டர் பிளேட்டில் அதற்கு இடமில்லை. மூக்கு விழுவது அதனால்தான். 120 அல்லது 150 மில்லிமீட்டர் ஆர்க்கா ஸ்விஸ் பிளேட் (கிளாம்பில் சறுக்கி மாட்டும் வகை) வாங்குங்கள். இரண்டு திருகு போட முடிந்தால் இன்னும் நல்லது, ஒற்றைத் திருகில் பிளேட் சுழன்றுகொடுக்கும். சமநிலை கிடைத்த இடத்தில் பிளேட்டிலும் கிளாம்பிலும் வெள்ளை நெயில்பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருட்டில் ஐந்து விநாடியில் மாட்டலாம்.

இரண்டாவது, தானாகத் திரும்புவது. உங்கள் டிரைபாட்டின் தலை மட்டமாக இல்லை. தலை சாய்ந்திருந்தால் பேன் (இட-வலத் திருப்பம்) அச்சும் சாயும், பாரம் பள்ளத்தைத் தேடும். பக்கவாட்டு வகையில் லென்ஸின் நடு அச்சு, பேன் அச்சுக்கு நேர் மேலே அமையாமல் சற்று விலகி இருந்தால் இது இன்னும் கூடும். காலரின் உயரம் லென்ஸுக்கு லென்ஸ் மாறுவதால் இந்த விலகல் சகஜம். சரிவில் இரண்டு காலைப் பள்ளத்துப் பக்கமும் ஒன்றை மேட்டுப் பக்கமும் வையுங்கள். கால்களின் நீளத்தை மாற்றி, தலையில் இருக்கும் நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை பொறுமையாகச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகுதான் ஹெட்டைத் தொட வேண்டும்.

நடுத்தண்டை இறக்கிவிடுங்கள். மூன்று கால் டிரைபாட்டின் மேல் ஒரு ஒற்றைக் காலை நட்டு அதன் உச்சியில் மூன்று கிலோவை வைக்கிறீர்கள், ஆடாமல் என்ன செய்யும்?

மூன்றாங்கால்:

ஊட்டி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. பக்கவாட்டு வகையில் ஒரே ஒரு ஆபத்து, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முழு கிம்பலில் கிளாம்ப் தளர்ந்தாலும் லென்ஸ் பலகையின் மேல்தான் இருக்கும். இதில் கிளாம்ப் தளர்ந்தால் லென்ஸ் நேராகத் தரைக்குப் போகும். ஆகவே பிளேட்டின் இரு முனையிலும் தடுப்புத் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். மாட்டும்போதும் கழற்றும்போதும் இடது கை லென்ஸுக்கு அடியிலேயே இருக்கட்டும். காலர் குமிழையும் ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள்.

டில்ட், பேன் இரண்டு குமிழும் தளர்வாக வைத்துப் பின்தொடரும்போது விஆர்-ஐ (லென்ஸின் அதிர்வுக் குறைப்பு) அணைக்காதீர்கள். உங்கள் லென்ஸில் நார்மல், ஸ்போர்ட் என்று இரண்டு நிலை இருக்கிறது. நகரும் பறவைக்கு ஸ்போர்ட் எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

மசினகுடி வழி:

டிரைபாட்டின் கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் நிலையாக நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். கோடநாடு காட்சிமுனை மாதிரிக் காற்றடிக்கும் இடத்தில் பை ஊஞ்சலாடி டிரைபாட்டையும் சேர்த்து ஆட்டும். பை தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள்.

பனிமூட்டம் (இன்னும் மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நடுவில் வடகிழக்கு மழை பத்து நாள் வெளியே விடவில்லை.

இரவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே வகையில் ஒன்று வாங்கினேன். 150 மில்லிமீட்டர் பிளேட், இரண்டு திருகு, முனைகளில் தடுப்புத் திருகு. நீள நடுத்தண்டைக் கழற்றி, டிரைபாட்டோடு வந்த குட்டைத் தண்டைப் போட்டேன். அதில் 200 கிராம் குறைந்தது. இப்போது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5.4 கிலோ. பழைய பால் ஹெட்டோடு 5.2 இருந்தது. விம்பர்லி வாங்கியிருந்தால் ஆறைத் தாண்டியிருக்கும். முழங்காலுக்கு இந்த வித்தியாசம் தெரிகிறது.

குட்டைத் தண்டு என்பதால் கால்களை அகலமாக விரித்துத் தரையோடு தரையாக இறக்க முடிகிறது. நேற்று காலை அப்படித்தான் ஈர மண்ணில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். அதே ஓரம்தான். முதலில் நீலகிரி சிரிப்பான் கூட்டம் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டே கடந்தது. அப்புறம் ஈப்பிடிப்பான் வந்தது. குச்சியிலிருந்து குச்சிக்கு நாலு முறை தாவியது. நாலு முறையும் விரலால் தள்ளியே பின்தொடர்ந்தேன், லென்ஸ் விட்ட இடத்தில் நின்றது. 1/100-இல் எடுத்த படத்தில்கூடக் கண்ணின் பளபளப்பு தெளிவாக வந்திருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஷட்டரை அழுத்தும்போது லென்ஸின் முன்பக்கம் மெல்ல அதிர்வது வ்யூஃபைண்டரில் தெரிகிறது. ஹெட் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

லென்ஸ் மேசை (ஊட்டி):

அது ஹெட் இல்லை சார், லென்ஸோடு வரும் காலர். இந்த லென்ஸில் பலருக்கும் அதுதான் குறை, உறுதி போதாது. இதற்கென்றே வேறு காலர்கள் விற்கிறார்கள், எடை கொஞ்சம் கூடும். அதுவரை இடது கையை லென்ஸ் குழாயின் மேல், காலருக்கு நேராக, அழுத்தாமல் வையுங்கள். அதிர்வு அங்கேயே அடங்கும்.