“அதுக்கு முன்னாடி எந்த ஊரு?” – மலை ஊர்களில் சாதியைச் சந்தித்த அனுபவங்கள்

கொழுந்துக்கூடை:

கீழே சமவெளியிலிருந்து வருகிற நண்பர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். “நீலகிரியில என்ன சாதி, எல்லாருமே வெளியில இருந்து வந்தவங்கதானே?” பாதி சரி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், படுகர் என்று இந்த மலையில் நெடுங்காலமாக இருப்பவர்களை விட்டுவிட்டால் மற்ற பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் பிழைக்க ஏறி வந்தவர்கள்தான். வரும்போது வீட்டை விட்டார்கள், நிலத்தை விட்டார்கள், சாதியை மட்டும் மூட்டையில் பத்திரமாக வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழே தெருவைச் சொன்னாலே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். இங்கே தெருவை வைத்துச் சொல்ல முடியாது, அதனால் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

நாங்கள் சிலோன்காரர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் என் தாத்தா, பாட்டி, அப்போது 11 வயதான என் அப்பா மூன்று பேரும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம், மண்டபம் முகாம், அப்புறம் நேரே டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகத்துத் தோட்டம். அந்தத் தோட்டங்களை உண்டாக்கியதே எங்களைப் போல் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். நான் பிறந்தது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்.

நர்சிங் முடித்து டவுனில் வேலை கிடைத்ததும் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு வீடு பிடித்துப்போயிற்று. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து, அதில் மாடி வீட்டுச் சாவியைத் தனியாகக் கழற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“எந்த ஊரும்மா நீ?”

“இங்கதாம்மா, எஸ்டேட்.”

“அது சரி, சொந்த ஊரு?”

“சிலோன்ல இருந்து வந்தவங்க.”

“ஓ. சிலோனுக்கு முன்னாடி?”

“திருச்சிப் பக்கம்னு தாத்தா சொல்வாரு.”

“திருச்சியில எங்க?”

அது எனக்கே தெரியாது. என் தாத்தாவுக்குத் தாத்தா விட்டுவிட்டுப் போன ஊர். தெரியாது என்றதும் அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல, “குலசாமி யாரு?” என்றார்.

நான் யோசிக்காமல் “மதுரைவீரன்” என்றேன். மதுரைவீரனைக் கும்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கழற்றிய சாவியைத் திரும்பக் கொத்தில் மாட்டினார். அந்த வளையம் கெட்டி, நகத்தால் நெம்பி நெம்பி மாட்ட வேண்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். “அடடா, எங்க தங்கச்சி பையன் வர்றேன்னு சொல்லியிருந்தான், மறந்தே போயிட்டேன் பாரு. டீ குடிச்சிட்டுப் போறியா?”

குடிக்கவில்லை.

இதற்கு இரண்டு வருடம் முன்பு என் தம்பிக்குச் சாதிச் சான்று வாங்க அலைந்தோம். அங்கேயும் இதே கேள்வி. பூர்வீகம் எது, சிலோனுக்கு முன்னால் எங்கே, அங்கே உறவினர் யார். ஆனால் அங்கே நாங்கள் சொல்கிற எதுவும் செல்லவில்லை. தாத்தாவின் குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, சாதி இல்லை. “திருச்சியில சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்க சர்டிபிகேட் கொண்டாங்க” என்றார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு போனவருக்கு இன்று யார் சொந்தக்காரர்? சான்று கைக்கு வந்தபோது தம்பியின் கவுன்சலிங் முடிந்துபோயிருந்தது.

வீட்டுக்கார அம்மாவுக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

பூண்டுவயல்:

அக்கா, சாவியைத் திரும்ப மாட்டினதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் கொடைக்கானல் மேல்மலை. எங்கள் ஊர்ப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே பெருமைப்பட்டது. நட்டது, களை பறித்தது, பிடுங்கியது எல்லாம் எங்கள் ஆட்கள். பூண்டு மூட்டையை வீட்டுக்குள்ளே பரண் வரைக்கும் தோளில் கொண்டுபோகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டால் மட்டும் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்.

டீக்கடை கதை இன்னும் வேடிக்கை. அப்பா காலத்தில் கடைக்கு வெளியே ஒரு பலகையில் எங்களுக்கென்று அலுமினியக் குவளை கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு நாமே கழுவி நாமே கவிழ்க்க வேண்டும். பேப்பர் கப் வந்தது, எல்லாருக்கும் ஒரே கப், கடைக்காரருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. ஊரில் தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று பஞ்சாயத்தில் ஒருவர் பேசவே பேசினார். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடையோடு உள்ளே பூச்சு போட்ட அந்தக் கப்புக்கும் தடை வந்தது. அடுத்த நாள் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்தது. கடைக்காரர் பாவம், முழித்தார். இரண்டு நாள் கழித்துப் போனால் எங்களுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். “சூடு நிக்கும்ல, அதான் தம்பி” என்றார்.

இப்போது திருட்டுத்தனமாகப் பேப்பர் கப் மறுபடி விற்கிறார்கள். சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கப்பைப் பார்த்தால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மலைக்காற்று:

இதெல்லாம் அந்தக் காலம். நான் 20 வருடமாகக் கொடைக்கானலில் இருக்கிறேன், இப்படி எதையும் பார்த்ததே இல்லை.

பூண்டுவயல்:

2019 அந்தக் காலமா அண்ணே? உங்களுக்கு எந்த டம்ளரில் கொடுக்கிறார்கள்?

பனிமூட்டம்:

நான் நகராட்சித் துப்புரவுப் பணியாளரின் மகன், நீலகிரியில் ஒரு டவுன். வீட்டில் தெலுங்கு. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் முகவரி எழுதும்போது அப்பா “காலனி” என்று எழுத விடமாட்டார். “மார்க்கெட் பின்புறம்” என்று எழுதச் சொல்வார். தபால்காரர் சரியாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், அது வேறு விஷயம். 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தபோது அப்பாவுக்குப் போன் செய்தேன். “சரிடா, ஆட்டோக்காரனுக்கு யாரு சொல்றது?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பழையஉதகை:

இந்தப் பேச்சு இந்த மலையில் புதிதல்ல. ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குக் குரல் கொடுத்த முன்னோடி அயோத்திதாசர் வளர்ந்ததே நீலகிரியில்தான். அதே வழியில் வந்த இரட்டைமலை சீனிவாசன் இங்கே கணக்கராக வேலை பார்த்தவர், இருவரும் உறவினர்கள் வேறு. 1891 டிசம்பர் 1-ஆம் தேதி அயோத்திதாசர் தொடங்கிய திராவிட மகாஜன சபையின் மாநாடு உதகையில் நடந்தது. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்று அதில் கேட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-இல். மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு இந்த ஊரில் எதையெதையோ காட்டுகிறோம், இதைச் சொல்லக் கைடு யாரும் இல்லை.

கொழுந்துக்கூடை:

பழையஉதகை அண்ணா, இது எனக்குத் தெரியாது. தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக் கதையின் மிச்சம்: வேறு வீடு அப்புறம் கிடைத்தது, வீட்டுக்காரர் கூடலூரில் இருக்கிறார், போனிலேயே பேசி முடித்தோம். ஆதார் நகல் மட்டும் கேட்டார். இனிமேல் யாராவது குலசாமி கேட்டால் “பழனி முருகன்னு சொல்லிடு” என்கிறாள் அம்மா. தம்பி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வந்தபோது பைக்கின் முன்பக்கம் மதுரைவீரன் ஸ்டிக்கர், குதிரையோடு, நம்பர் பிளேட்டை விடப் பெரிதாக.