முன்வரிசையில் குரல் கேட்குமா, கேட்காதா?

கம்பியோரம்:
நம்ம மன்றத்தோட லைன் அரே (ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசை) திரியில் மேசைக்காவலன் எழுதினதை அப்படியே எடுத்துப் போடறேன்: “முன்வரிசையில் நிற்பவனுக்குப் பாடகரின் குரல் கேட்காது. அவன் பார்க்க வருகிறான், கேட்க வரவில்லை.” அந்தத் திரியைப் பூட்டிட்டாங்க. அதனால பதில் இங்கே.

மேடை விளிம்பை ஒரு தடவையாவது கண்ணால பார்த்திருந்தா இப்படி எழுத வராது. ரெண்டு மூணு மீட்டருக்கு ஒண்ணா சின்னச் சின்ன ஸ்பீக்கர் வரிசையா உட்கார்ந்திருக்கும். அதுக்குப் பேர் ஃப்ரன்ட் ஃபில். அதுல முதல்ல அனுப்புறதே குரலைத்தான். டிரம்ஸ், கிட்டார் ரெண்டும் மேடையிலிருந்தே நேரா வந்துடும், குரல் மட்டும் வராதுன்னுதான் அந்தப் பெட்டியையே வைக்கிறாங்க. முன்வரிசைக்கென்றே ஒரு ஸ்பீக்கர் இருக்கு, ஆனா முன்வரிசைக்குக் குரல் கேட்காதாம்!

மேசைக்காவலன்:
எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். காரணம் சொல்கிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

மேடையின் இருபுறமும் தொங்கும் பிரதான ஸ்பீக்கர்கள் பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும். கீழே உள்ள கடைசிப் பெட்டியை எவ்வளவு சாய்த்தாலும் நடுவில் முதல் சில வரிசைகளுக்கு அதன் உயர் அதிர்வெண் வந்து சேராது. வருவதும் தாமதமாக வரும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட். பிரதான ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 12 மீட்டர் என்றால் 35 மில்லிசெகண்ட். டிரம்ஸ் 6 மீட்டர் என்றால் 17. டிரம்மரின் ஸ்னேர் (சுரீரென்று ஒலிக்கும் சிறு முரசு) முதலில் உங்கள் காதில் விழும். அதே ஸ்னேரும் குரலும் 18 மில்லிசெகண்ட் கழித்துத் தலைக்கு மேலிருந்து மங்கலாக வரும். சொற்களின் மெய்யெழுத்துகள் எல்லாம் அங்கேயே போய்விடும். எஞ்சுவது “ஆ, ஓ” மட்டும்.

பாரிகேட்டில் (மேடைக்கு முன்னாலுள்ள தடுப்புக் கம்பியில்) தொங்குகிறவருக்குச் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) கேட்கும், நேர் எதிரே நிற்கும் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி காதைக் கிழிக்கும். குரல் கேட்காது.

கம்பியோரம்:
இவ்வளவு பெரிய பதிலில் “ஃப்ரன்ட் ஃபில்” என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கு? ஒரு இடத்திலும் இல்லை.

கடைசிவரிசை:
எந்த அளவு அரங்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்? இருநூறு பேர் நிற்கும் இடமா, இருபதாயிரம் பேரா? அதைச் சொல்லாமல் இரண்டு பேரும் வாதாடினால் எப்படி?

அடிநாதம்:
மேசைக்காவலன் ஐயா, இதே எண்களை லைன் அரே திரியிலும் அள்ளி வீசினீர்கள். “தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் குறையும், எல்லா அதிர்வெண்ணுக்கும் எல்லாத் தூரத்துக்கும்” என்று எழுதினீர்கள். அது அந்த வரிசையின் அருகில் மட்டும், வரிசையின் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது, அதைத் தாண்டினால் மற்ற ஸ்பீக்கரைப் போலவே 6 டெசிபல் குறையும் என்று காட்டினேன். அதற்கு இன்று வரை பதில் இல்லை. திரி பூட்டப்பட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

மேசைக்காவலன்:
அடிநாதம், பழைய கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இங்கே பேச்சு குரலைப் பற்றி.

கம்பியோரம் கேட்ட ஃப்ரன்ட் ஃபில்லுக்கு வருகிறேன். பெட்டி இருந்தால் மட்டும் போதாது. மேடை 1.5 மீட்டர் உயரம் என்றால் விளிம்பில் வைத்த பெட்டி முதல் வரிசையின் முக மட்டத்துக்கு வரும், சரி. மேடை 60 சென்டிமீட்டர் என்றால்? பெட்டி உங்கள் தொடை உயரத்தில் இருக்கும். முதல் வரிசையின் உடம்பே அதை விழுங்கிவிடும். இரண்டாம் வரிசைக்கு அரைகுறை, மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. சின்னப் பெட்டி என்பதால் தூரத்துக்குத் தூரம் சத்தமும் வேகமாக விழும்: 2 மீட்டரில் இருப்பது 4 மீட்டரில் 6 டெசிபல் குறைவு, 8 மீட்டரில் 12 டெசிபல் குறைவு.

அடுத்து தாமதம். ஃப்ரன்ட் ஃபில் உங்களுக்கு 3 மீட்டர், அதாவது சுமார் 9 மில்லிசெகண்ட். டிரம்ஸ் 17. ஆகவே பெட்டிக்கு 8 அல்லது 9 மில்லிசெகண்ட் டிலே கொடுத்தால்தான் குரல் மேடையிலிருந்து வருவதுபோல் ஒட்டும். கொடுக்காவிட்டால் பாடகர் எதிரே நிற்பார், குரல் முழங்காலிலிருந்து வரும். எத்தனை இடத்தில் இதைச் சரியாகச் செய்கிறார்கள்?

கம்பியோரம்:
“எத்தனை இடத்தில் சரியாகச் செய்கிறார்கள்” என்பது வேற கேள்வி. “கேட்காது”ன்னு எழுதினீங்க. முழங்காலிலிருந்து வந்தாலும் அது கேட்கிற குரல்தான். ஒத்துக்கறீங்களா?

மேசைக்காவலன்:
இல்லை.

நாடாப்பிரியன்:
காவலன் அண்ணன் சொல்வதே சரி. நல்ல ஒலி எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் கச்சேரியைப் பதிவு செய்கிறவர்கள் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1984-ல் பதிவு செய்வோருக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. எங்கே? மிக்ஸிங் கன்சோலுக்கு (ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மேசைக்கு) பின்னால். முன்வரிசையில் இல்லை.

அடிநாதம்:
நாடாப்பிரியன், பாதிக் கதையைச் சொல்லாதீர்கள். அதற்கு முன் அவர்கள் கன்சோலுக்கு முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள். நட்டு வைத்த மைக் கம்பங்கள் கன்சோலில் இருந்த ஒலிப்பொறியாளரின் பார்வையை மறைத்தன. அதனால் பின்னால் போகச் சொன்னார்கள். நல்ல ஒலி அங்கே கிடைக்கிறது என்று யாரும் அனுப்பவில்லை. பதிவு செய்கிறவர்கள் ஆசைப்படும் இடம் இன்றைக்கும் கன்சோலுக்கு முன்னால்தான்.

கன்சோல் நிற்கும் இடமே கோயில் என்று வணங்குகிறவர்களுக்கு இன்னொன்று. சப்வூஃபரை (பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரை) மேடையின் இருபுறமும் இரண்டு அடுக்காக வைத்தால், இரண்டுக்கும் சமதூரத்தில் இருக்கும் நடுக்கோட்டில் பேஸ் ஒன்றுசேர்ந்து பெருகும். நடுவிலிருந்து விலகினால் ஒரு பக்கம் அருகிலும் மறுபக்கம் தூரத்திலும் போகும். 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5.7 மீட்டர். இரண்டு தூரத்துக்கும் வித்தியாசம் 2.86 மீட்டர் ஆகும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பேஸ் காணாமல் போகும். கன்சோல் எங்கே இருக்கிறது? நட்ட நடுக்கோட்டில். அங்கே உட்கார்ந்தவருக்குப் பேஸ் அதிகமாகக் கேட்கும், அதை அவர் குறைப்பார், பக்கத்தில் நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்குப் பேஸே இருக்காது. அரங்கத்திலேயே பேஸைத் தப்பாகக் கேட்கும் இடம் கன்சோல்.

மேசைக்காவலன்:
நல்ல ஒலிப்பொறியாளர் கன்சோலிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார். ஒலிச் சோதனையின்போதே கையில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அரங்கம் முழுக்க நடப்பார். முன்வரிசை, ஓரம், பால்கனிக்குக் கீழே எல்லாம் பார்ப்பார். இது தெரியாதவர் பேஸ் பற்றிப் பாடம் எடுக்கிறார். சப்வூஃபரை இருபுறமும் அடுக்காமல் மேடைக்கு முன்னால் ஒரே வரிசையாக, இரண்டு மீட்டருக்குள் இடைவெளி விட்டு வைத்து, ஓரப் பெட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக டிலே கூட்டினால் இந்தக் குழி பெரும்பாலும் நிரம்பும். பெரிய மேடைகளில் வழக்கமாகச் செய்வது.

அடிநாதம்:
செய்வார்கள். அந்த வரிசை யாருக்கு ஒரு மீட்டர் எதிரே இருக்கும்? முன்வரிசைக்கு. நெஞ்சில் அடிக்கும் பேஸ் குரலை மூடும். இதைச் சொல்லியிருந்தால் உங்கள் வாதத்துக்கே பலம். அதையும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கம்பியோரம்:
அடிநாதம், நீங்க யார் பக்கம்?

அடிநாதம்:
இயற்பியல் பக்கம்.

பஞ்சுக்காது:
எல்லோரும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றால் குரல் எப்படித் தெளியும்? அளவு மீறிய சத்தத்தில் காதே சிதைத்துக் கேட்கும். சத்தத்தைக் குறைத்தால் சொல் தெளிவாகும். 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கச்சேரி அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபல்தான். பெருஞ்சத்தத்துக்குப் பேர்போன மை பிளடி வாலன்டைன் ராக் குழு 2008-ல் மறுபடி மேடையேறியபோது ரசிகர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தது சும்மாவா?

நுரைப்பஞ்சு அடைப்பான் வேண்டாம். அது உயர் அதிர்வெண்ணைத்தான் அதிகம் வெட்டும், குரல் போர்வைக்குள் போனதுபோல் ஆகும். ஃபில்டர் வைத்த அடைப்பான் 15 முதல் 20 டெசிபல் வரை ஏறக்குறைய ஒரே சீராகக் குறைக்கும். வேறு வழியின்றி நுரைப்பஞ்சுதான் என்றால் இரண்டு விரலுக்கு நடுவே மெல்லிய திரியாக உருட்டுங்கள், மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், உள்ளே நுழைத்து அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்றே.

மேசைக்காவலன்:
பஞ்சுக்காது எந்தத் திரிக்கு வந்தாலும் இதே மருந்து. அடைத்துக்கொண்டு நின்றால்தான் குரல் கேட்கும் என்றால் அங்கே குரல் கேட்காது என்றுதானே பொருள்? என் வாதத்துக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி.

பஞ்சுக்காது:
நான் அப்படிச் சொல்லவில்லை. கன்சோல் பக்கத்திலும் அடைப்பான் வேண்டும். நீங்கள் போடுவதில்லை என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். முன்வரிசையின் குரல் உங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மேசைக்காவலன்:
என் காதைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

கம்பியோரம்:
விஷயத்துக்கு வாங்க. ஃப்ரன்ட் ஃபில்லே வேண்டாம், மேடையில் பாடகருக்கு முன்னால் வெட்ஜ் மானிட்டர் (பாடகர் தன் குரலையே கேட்கத் தரையில் சாய்ச்சு வைக்கிற ஸ்பீக்கர்) இருக்கே, அதிலிருந்தும் முன்வரிசைக்குக் குரல் வருது. இதுக்கு என்ன சொல்றீங்க?

மேசைக்காவலன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். வெட்ஜ் பாடகரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதன் முதுகுதான் உங்கள் பக்கம். முதுகுப் பக்கம் வருவது கீழ் நடு அதிர்வெண்ணின் கும்மென்ற சத்தம் மட்டும். சொல் வராது. இப்போது பல குழுக்கள் காதுக்குள் போடும் மானிட்டருக்கு மாறிவிட்டன, வெட்ஜே இல்லை. கிட்டாருக்கும் மேடையில் பெட்டி இல்லை, அந்தப் பெட்டியின் ஒலியைப் போலவே செய்யும் டிஜிட்டல் மாடலர் நேரே கன்சோலுக்குப் போகிறது. அப்படிப்பட்ட மேடைக்கு எதிரே நின்றால் கேட்பது டிரம்ஸ் தோலும் சிம்பலும் மட்டும். “முன்வரிசையில்தான் அசல் சத்தம்” என்று மார்தட்டுகிறவர்களின் அசல் சத்தம் அவ்வளவுதான்.

மேடையும் ரசிகனும் ஒரே ஒலியைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1974-ல் கிரேட்ஃபுல் டெட் குழு ஸ்பீக்கர் சுவரையே தங்களுக்குப் பின்னால் எழுப்பியது. தனி மானிட்டர் இல்லை. அந்தச் சுவரின் சத்தம் குரல் மைக்கில் திரும்ப நுழையாதிருக்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்கை எதிரெதிர் முனைவில் இணைத்தார்கள். ஒன்றில் மட்டும் வாயை வைத்துப் பாடினால் பொதுச் சத்தம் கழிந்து குரல் மட்டும் மிஞ்சும். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் முன்வரிசையில் குரல் கேட்கும் என்று நானே சொல்வேன்.

கம்பியோரம்:
நல்லது. மேடையில் கிட்டார் பெட்டி இல்லை, வெட்ஜ் இல்லை, அமைதியான மேடை. அப்படின்னா ஃப்ரன்ட் ஃபில்லை மறைக்க அங்கே என்ன சத்தம் இருக்கு? டிரம்ஸ் மட்டும். அதனாலதான் இப்போ ஃப்ரன்ட் ஃபில்லுக்குக் குரலோட கிட்டார், கீபோர்டு, பேஸ் கிட்டார் எல்லாம் சேர்த்து, டிரம்ஸை மட்டும் குறைச்சு, தனி மேட்ரிக்ஸ் கலவையா (அந்தப் பெட்டிக்கு மட்டுமான கலவையா) அனுப்பறாங்க. முன்னைவிட இப்போதான் குரல் தெளிவா கேட்குது. நீங்க சொன்ன காரணமே எனக்குச் சாதகம்.

நாடாப்பிரியன்:
அனுப்பினால் கேட்கும். அனுப்ப மறந்தால்? பிரதான லெஃப்ட்-ரைட் இணைப்பை அப்படியே பிரித்து ஃப்ரன்ட் ஃபில்லில் செருகும் இடங்கள் உண்டு. டிரம்ஸ் மேடையிலிருந்தும் வரும், பெட்டியிலிருந்தும் வரும். குரல் அடியில் போகும்.

கடைசிவரிசை:
மறுபடி கேட்கிறேன், அரங்கத்தின் அளவு? சின்ன கிளப்பில் கம்பத்தில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கும். இரண்டும் முன்வரிசையைத் தாண்டித்தான் பார்க்கும். ஃப்ரன்ட் ஃபில்லே இருக்காது. அங்கே காவலன் சொல்வது சரி. பெரிய மேடையில் கம்பியோரம் சொல்வது சரி. “முன்வரிசை” என்று இரண்டு பேரும் இரண்டு இடத்தைச் சொல்கிறீர்கள்.

மேசைக்காவலன்:
நான் எல்லா அரங்கத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கம்பியோரம்:
நானும்தான்.

அடிநாதம்:
1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், பீட்டில்ஸ். ஐம்பத்தையாயிரத்துக்கும் மேல் கூட்டம். கூச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, மேடையில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. கன்சோல் பக்கம், கம்பி ஓரம் என்ற சண்டைக்கே இடமில்லாத ஒரே கச்சேரி.

எனக்குக் கேட்டால் நிற்க வேண்டியது கன்சோலுக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால், நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலகி. பேஸ் குவியலிலிருந்து தப்பலாம், குரல் பிரதான ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும். பால்கனியின் கீழ் கன்சோல் இருந்தால் பக்கத்தில் போகவே வேண்டாம். மேலே இருந்து வரும் உயர் அதிர்வெண்ணைப் பால்கனி தடுக்கும், பின்சுவரில் பேஸ் குவியும்.

மேசைக்காவலன்:
ஆக கன்சோல் பக்கம்தான். ஐந்தாறு மீட்டர் முன்னால் என்று மாற்றிச் சொல்லித் தன் கண்டுபிடிப்பாக்கிக்கொள்கிறார்.

அடிநாதம்:
லைன் அரே 3 டெசிபல் கணக்குக்குப் பதில் எங்கே?

கம்பியோரம்:
நாளைக்கே யாரும் சோதிச்சுப் பார்க்கலாம். கச்சேரிக்கு முன்னால் பாட்டு ஓடும்போது பாரிகேட்டில் நில்லுங்க. மேடை விளிம்பில் பெட்டி இருக்கான்னு பாருங்க. ஒரு பெட்டிக்கு நேரா நின்னு சொற்களைக் கேளுங்க, அப்புறம் ரெண்டு பெட்டிக்கு நடுவில் நகருங்க, அப்புறம் நாலு அடி பின்னால் போங்க. மூணு இடத்திலும் வித்தியாசம் தெரிஞ்சா அந்தப் பெட்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம். குரல் கேட்கும்.

மேசைக்காவலன்:
பதிவு செய்த பாட்டு ஓடும்போது டிரம்மர் மேடையில் இல்லை. அந்தச் சோதனை செல்லாது. டிரம்மர் உட்கார்ந்த பிறகு கேளுங்கள். குரல் கேட்காது.

கம்பியோரம்:
கேட்கும்.