கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன்: பயோமெடிக்கலில் எம்.டெக் படிக்கவா, வேலைக்குப் போகவா?

கோத்தகிரிப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ல பி.இ. பயோமெடிக்கல் முடிச்சிருக்கேன். எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வுல பயோமெடிக்கல் (பி.எம்.) தாள் எழுதினேன், எம்.டெக் சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் இருக்கு. அதே நேரம், மானிட்டர், வென்டிலேட்டர் விக்கிற ஒரு கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்குக் கூப்பிடுது. நீலகிரியும் மேட்டுப்பாளையமும் என் ஏரியா. வீட்ல கொஞ்சம் தேயிலை இருக்கு, பச்சை இலை விலை ஏறினாத்தான் எங்களுக்கு மூச்சு. அப்பா "உன் இஷ்டம்மா"ங்கிறார். காரணத்தோட சொல்லுங்க.

குன்னூர் சர்வீஸ்:
வேலைக்குப் போம்மா. எம்.டெக் உதவித்தொகை மாசம் 12,400 ரூபாய். ரெண்டு வருஷம் அதுல ஹாஸ்டல் வாழ்க்கை ஓடும், வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

படிப்பு தராத பாடத்தை இந்த மலை தரும். கருவிகளை நீராவியில கிருமி நீக்குற ஆட்டோகிளேவையே எடுத்துக்கோ. அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. வெச்சா 121 டிகிரி வரும்னு மனப்பாடம் பண்ணியிருப்பே. அது கடல்மட்டத்துக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. வெளிக்காத்தோட அழுத்தமே இங்க குறைவு. கேஜ் முள்ளு 15-ல நின்னா உள்ளே நீராவி 117 டிகிரிக்குப் பக்கத்துலதான் இருக்கும். 18.5 வரைக்கும் ஏத்தினாத்தான் 121. இது தெரியாம ஓட்டுற இடத்துல கருவி சரியா ஸ்டெரிலைஸ் ஆகாது. மார்கழி குளிர்ல விரல் விறைச்ச நோயாளிக்கு பல்ஸ் ஆக்சிமீட்டர் தடுமாறும், மெஷின் கெட்டுப்போச்சுன்னு நம்மளக் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு வார்டா நடந்தாத்தான் இதெல்லாம் கைக்கு வரும்.

வேலூர் எம்.டெக்:
அண்ணா, ஆட்டோகிளேவ் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா அதே காற்றழுத்தத்தை மயக்க மருந்துப் பக்கம் கொண்டு போங்க. செவோஃப்ளூரேன்ங்கிற மயக்க மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற வேப்பரைசர் உயரமான ஊர்லயும் கிட்டத்தட்ட அதே பகுதியழுத்தத்தை, அதாவது மருந்து ஆவி மட்டும் தர்ற அழுத்தத்தை, கொடுத்துடும், டயலைத் தொட வேண்டியதில்லை. இன்னொரு மயக்க மருந்தான டெஸ்ஃப்ளூரேனோட வேப்பரைசர், மருந்தைச் சூடாக்கி, அதோட சதவீதத்தை மட்டும் மாறாம வெச்சிருக்கிற வகை. காற்றழுத்தம் குறைஞ்சா நோயாளிக்குப் போற மருந்தோட பலமும் குறையும். சமவெளியில 6 சதவீதம் வெச்சா, ஊட்டியில ஏறக்குறைய 8 வெக்கணும். ஒரே அறை, ஒரே வேலை, ரெண்டு கருவி ரெண்டு விதமா நடக்குது. சர்வீஸ் மேனுவல் "டயலைக் கூட்டு"ன்னு சொல்லும். ஏன்னு புரிஞ்சவங்கதான் அடுத்த கருவியை இந்த மலைக்கு ஏத்த மாதிரி வடிவமைக்க முடியும்.

தங்கச்சி, சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் சேர்ந்து நடத்துற கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்கைப் பாரு. ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர் பக்கத்துல நின்னு, அவர் எங்க சிரமப்படறார்னு பாக்கிறதே அங்க பாடம். சித்ரா செயற்கை இதய வால்வு அந்தத் திருவனந்தபுரத்துல பிறந்ததுதான். 3 மாடல் தோத்து, நாலாவது மாடல்தான் 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. இதுவரைக்கும் அதை லட்சத்துக்கு மேல பேருக்குப் பொருத்தியாச்சு.

குன்னூர் சர்வீஸ்:
நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில டெஸ்ஃப்ளூரேனை எங்கே பாத்தே? பெரிய ஊர் தியேட்டர் கதை அது. இங்க நெபுலைசருக்கே ஸ்பேர் வராம தவிக்கிறோம். எம்.டெக் முடிச்ச நம்ம பசங்க நேரா பெங்களூர் சாஃப்ட்வேருக்குப் போறாங்க, அதையும் சொல்லு.

கூடலூர் நர்ஸ்:
குறுக்க வரேன், மன்னிக்கணும். சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரைக் கோளாறான சிக்கிள் செல், இந்தியாவுல முதன்முதலா 1952-ல பதிவானது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். இத்தனை வருஷம் கழிச்சும் பாடிக்கு, அதாவது பழங்குடி ஊருக்கு, போய் செய்யற கரைதிறன் சோதனை "இருக்கு, இல்லை"ன்னு மட்டும்தான் சொல்லுது. நோயா, இல்லே நோயில்லாம மரபணுவை மட்டும் சுமக்கிற கடத்தியான்னு பிரிக்க, எங்க பக்கம் எலக்ட்ரோஃபோரசிஸ், ஹெச்.பி.எல்.சி. மாதிரி லேப் சோதனையைத்தான் நம்பியிருக்கோம். சாம்பிளை ஜீப்புல கீழ அனுப்பிட்டு, ரிசல்ட் வர்றதுக்குள்ள அந்தக் குடும்பம் வேற எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிடுது. ஒரு சொட்டு ரத்தத்துல, கரண்ட் இல்லாத பாடியிலேயே, அந்த வித்தியாசத்தை மலிவாச் சொல்ற கருவி எங்களுக்கு வேணும். அதை ரிப்பேர் தெரிஞ்சவங்க மட்டும் செஞ்சுட முடியாது. படிம்மா.

குன்னூர் சர்வீஸ்:
சிஸ்டர் சொல்றது மனசைத் தொடுது. ஆனா கருவி செஞ்சா போதாது. 2017 மருத்துவக் கருவி விதிகள் இருக்கு, ஆபத்தைப் பொறுத்து ஏ-லேர்ந்து டி வரைக்கும் வகுப்பு இருக்கு, 2020 ஏப்ரல்லேர்ந்து எல்லா மருத்துவக் கருவியும் மருந்துச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. லைசென்ஸ், சோதனை, காகிதம்னு அலையணும். அதுக்கு முன்னாடி வார்டுல கருவி எப்படிச் சாகுதுன்னு பாத்திருக்கணும். கொஞ்ச காலம் வேலை, அப்புறம் படிப்பு. கேட் மார்க் 3 வருஷம் செல்லும்.

வேலூர் எம்.டெக்:
செல்லும் அண்ணா. ஆனா சம்பளம் வர ஆரம்பிச்சு, வீட்ல கல்யாணப் பேச்சும் வந்தப்புறம் திரும்பிப் படிக்க விடுவாங்களா? பையனா இருந்தா இந்த யோசனையைச் சொல்லலாம். பொண்ணுக்கு இந்த வருஷம் கையில இருக்கிற சீட்தான் உறுதி.

கோத்தகிரிப் பொண்ணு:
கல்யாணப் பேச்சு ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சுக்கா. சிஸ்டர், சாம்பிள் அனுப்பற வேலையைப் பாக்க இந்த வாரம் கூடலூர் வரலாமா? சர்வீஸ் அண்ணா, ஆஃபர் லெட்டர்ல 2 வருஷ பாண்ட் போட்டிருக்காங்க, நடுவுல விட்டா பணம் கட்டணுமாம்.

குன்னூர் சர்வீஸ்:
பாண்டா? அதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா. கையெழுத்துப் போடாதே. இன்னிக்கு ராத்திரி லெட்டரைப் படம் எடுத்து எனக்குத் தனியா அனுப்பு, படிச்சுட்டுப் பேசுறேன்.